தண்ணீர் இல்லாத குளம் தரிசு

உணவு உற்பத்தியைப் பெருக்கியே தீரவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்த காலம். சங்கரன்கோவிலிலும் பெருக வேண்டும் அல்லவா? அதற்கென்றே ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர். யார் கும்பிட்டாலும் திரும்பக் கும்பிடுவார்.

ஊருக்குக் கிழக்கே குளக்கரையில் ஏறி நின்று பார்த்தார். இரண்டு வருஷமாக மழை இல்லாமல் குளம் வெடித்துக் கிடந்தது.

"இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே!"

"ஐயா, இது குளம்" என்றாள் முத்துத்தாய். குளத்துக்குக் கீழே அவளுக்கு ஒரே ஒரு வயல். இந்தத் தண்ணீர் பாய்ந்தால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

"குளம் என்றால் தண்ணீர் எங்கே?"

"மழை பெய்யலைய்யா."

"தண்ணீர் இல்லாத குளம் சர்க்கார் பார்வையில் தரிசு."

அவ்வளவுதான். குளத்தைத் துண்டு துண்டாக அளந்து கொடுத்தார்கள். முதல் துண்டு ஊர்ப் பெரியதனக்காரர் இசக்கிப்பாண்டிக்கு. அடுத்தது அவர் மைத்துனருக்கு. வண்டல் மண் பாருங்கள், அடியில் இருக்கிற ஈரத்திலேயே சோளம் கிடுகிடுவென்று எழும்பிவிட்டது.

"அண்ணாச்சி, மழை பெஞ்சா தண்ணி எங்கன நிக்கும்?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

"ஏட்டி, நல்ல காரியம் நடக்கையில மழை கிழைன்னு அபசகுனமாப் பேசாதே!" என்றார் இசக்கிப்பாண்டி.

அதிகாரியிடம் போனாள். "தண்ணீர் வேறு இலாகா, அம்மா. நான் சோறு மட்டும்தான்" என்றார்.

இதற்கிடையில், மழை வேண்டிக் கோயிலில் ஜபம் நடத்தும்படி இன்னோர் இலாகாவிலிருந்து தாக்கீது வந்தது. எங்கள் ஊர்ச் சாமி சங்கரநாராயணர். வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள். வயல்காரர்கள், "தலையிலே கங்கை வச்சிருக்கவரே, கொஞ்சம் சாய்ச்சு விடும்" என்று வலப்பக்கம் நின்றார்கள். குளத்துச் சோளக்காரர்களோ, "பெருமாளே, அறுப்பு முடியிற மட்டும் நீர் பள்ளிகொண்டே இரும்" என்று இடப்பக்கம் நின்றார்கள்.

"மழை பெய்யட்டும் சாமி. எங்க நிலத்தை மட்டும் விட்டுட்டுப் பெய்யட்டும். சர்வே நம்பர் சொல்லுதேன், சேத்து அர்ச்சனை பண்ணுங்க" என்றார் இசக்கிப்பாண்டி.

பட்டர் திகைத்துப் போனார். "நட்சத்திரம் சொல்லும், ராசி சொல்லும். சர்வே நம்பருக்கு மந்திரம் கிடையாதே, ஓய்!"

கோயில் அம்மன் கோமதித் தாய் குறை வைக்கவில்லை. ஐப்பசியில் ஒரே கொட்டாகக் கொட்டிக் குளம் பெருகிற்று. முத்துத்தாய் கரையில் நின்று குலவை போட்டாள். அதே கரையில் இசக்கிப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி ஓடிவந்தார். குளத்துக்குள் தண்ணீர் அத்துமீறிப் புகுந்துவிட்டதாக மேலே தந்தி கொடுத்துவிட்டு, மடையைத் திறக்கச் சொன்னார்.

"ஐயா, கீழ நாத்துப் பாவியிருக்கேன். அடிச்சிட்டுப் போயிருமே!"

"மேலே உணவு மூழ்குகிறது, அம்மா!"

மடை திறந்தது. கீழே நாற்றுப் போயிற்று. மேலே சோளம் அழுகிப் போயிற்று. தை பிறக்குமுன் குளம் மறுபடியும் வெடித்தது. தரிசு வெற்றிகரமாக மீட்கப்பட்டது என்று அதிகாரிக்குப் பாராட்டு வந்தது. மறுபடி துண்டு அளக்க வந்தார். முதல் ஆளாக நின்றவள் முத்துத்தாய்.

"நீயுமா, அம்மா?"

"ஆமாய்யா. குளத்துக்குக் கீழ இருந்து கெட்டது போதும். இனி உள்ளயே இருந்துக்கிடுதேன். எங்களுக்குத் தண்ணி பாய மேல ஒரு குளம் வெட்டித் தந்திருங்க."

அதிகாரி யோசித்தார். "அருமையான யோசனை!" என்று எழுதிக்கொண்டார்.

புதுக்குளம் எங்கே வரப்போகிறது என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குளத்துக்குள்ளே ஒரு துண்டு நிலம் கேட்டு ஊரில் பாதிப்பேர் மனுக் கொடுத்தாயிற்று.