கையை வைக்கச் சொன்னது உன் குரல்தான்

அன்பு மகள் சங்கீதாவுக்கு, ஆம்பூரிலிருந்து அப்பா அருணகிரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் மிக்ஸியும் நலம். இரண்டு பேருக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. நீ நலம் என்பதை, வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்துபோன நேரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

வேலூர்ப் பக்கம் புதிதாகத் திறந்த தோல் அருங்காட்சியகத்தில் நீ அமைத்துக் கொடுத்தாயே ஓர் இருட்டறை, அதில் சின்ன அசம்பாவிதம். பயப்படாதே, ஆள் சேதம் இல்லை. திறந்த மறுநாளே என் கம்பெனி தோஸ்த் கவுஸ் பாஷாவோடு போனேன். நடுவில் தொங்கும் ஆட்டுத்தோலைத் தொட்டதும் நாலு சுவரிலும் சினிமா மாதிரி தோல் ஷெட் எழும்பி, தோல் பதனிடும் டிரம்கள் உருள, காலடியில் பாலாறு தண்ணீரோடு ஓடியது. நான் பேன்ட்டை முட்டிவரை மடித்துவிட்டேன். அப்போது உன் குரல், "வாங்க, கையை வைங்க" என்றது. மூன்று மணி நேர ரயிலில் பெங்களூரிலிருந்து வர முடியாத பெண், இங்கே எல்லோரையும் வாங்க என்கிறாளே என்று மனசு குளிர்ந்துபோய், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "இந்தத் தோல் பதினெட்டு கட்டங்களைக் கடந்து வந்திருக்கிறது" என்றாய்.

"இன்னாப்பா அருணகிரி, சாப்ட்டியான்னு கேட்டா உம் பொண்ணு தோல் கதை சொல்லுது?" என்றார் பாஷா.

"நேர்லயும் அப்டித்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு செவ்வாய்தோறும் தனியாகப் போய்விடுவேன், அன்றைக்குக் கூட்டம் கம்மி. போன செவ்வாய்தான் வினை. மற்றவர்களுக்குக் கையை வைப்பது என்றால் தொடுவது. முப்பத்திரண்டு வருஷம் தோலை ரகம் பிரித்தவனுக்கு அப்படியா? என்னையறியாமல் வயிற்றுப் பக்கத்தை மடித்து, அடியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தி, இழுத்துப் பார்த்தேன். உண்ணி கடித்த தழும்பு! சட்டைப்பையில் இன்னமும் கிடக்கிற சாக்பீஸை எடுத்துப் பின்பக்கம் 'மூணாம் ரகம்' என்று எழுதினேனா, உள்ளேயிருந்த ஒயர் கையோடு வந்துவிட்டது. பாலாறு வழக்கம்போல வற்றியது. உன் குரல் மட்டும் சிக்கிக்கொண்டு "வாங்க, வாங்க, வாங்க" என்றது. காவலாளி ஜெயப்பிரகாஷ் ஓடிவந்தான்.

"பெரியவரே, கைய எடுங்க!"

"அது வைன்னுது, நீ எடுன்றே. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கப்பா."

அவன் ஸ்விட்சை அணைக்கும்வரை நான் நகரவில்லை. என்னை யாரும் அத்தனை தடவை கூப்பிட்டுப் பல வருஷமாகிறது.

இப்போது அறையைப் பூட்டிவிட்டார்கள். செய்த ஆள் நேரில் வந்து பார்த்தால்தான் ஆச்சாம். நீ வர வேண்டாம். உன் வேலைதான் முக்கியம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்ட இடமெல்லாம் வெளிச்சம் வரட்டும்.

உன் அப்பா,
அருணகிரி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் ஜெயப்பிரகாஷ் போன் செய்தான். உள்ளூர் எலக்ட்ரீஷியன் பத்தே நிமிஷத்தில் சரிசெய்துவிட்டானாம், நீ வர வேண்டிய அவசியமே இல்லையாம். செய்தவள் வந்து பார்க்காமல் திறந்தால் ஷாக் அடிக்கும் என்று மிரட்டி வைத்திருக்கிறேன். பையன் நம்பிவிட்டான். எப்போ வர்றே?