பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

ஒரே கணினி நிரலை இரண்டு இடத்தில் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் கடித்துச் சொறியவரும். அந்தக் கடி தாங்காமல், உயிரோடிருந்த ஒரு மனிதரை ஊரறியச் சாகடித்தவன் நான்.

அப்போது ஊர் அறிவித்தல்கள் போடும் வசந்தி அக்காவின் இணையத்தளத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். மரண அறிவித்தலுக்கு ஒரு கோப்புறை, பிறந்தநாள் வாழ்த்துக்கு இன்னொன்று. இரண்டிலும் ஊர்ப்பெயர் போடும் நிரல் தனித்தனியே கிடந்தது. இரண்டு வளவுக்கும் ஒரு கிணறு போதாதா? (பங்குக் கிணற்றால் எத்தனை குடும்பம் வழக்கென்று கோடேறியது என்று என் மூளைக்கு அப்போது தோன்றவில்லை.) 'பொது' என்றொரு கோப்புறை திறந்தேன். பிறந்தநாள் நிரலை அழித்துவிட்டு, மரண அறிவித்தலுடையதை அதில் வைத்தேன். அதில்தான் ஓசை இருந்தது. அலைபோல எழுந்து விழும் வரி. இனி இரண்டு பக்கமும் அதையே அழைக்கும்.

மறுநாள் காலை, சிவபாதம் மாமாவின் அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்தை நானே ஏற்றினேன். மாமா என்றால் சொந்தமில்லை, மாலதியின் அப்பா. அன்று பின்னேரம் அவரிடம் பெண் கேட்கப் போவதாக இருந்தேன். வாழ்த்துத்தான் என் தூது.

"கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், நீர்வேலியை வதிவிடமாகவும் கொண்ட சிவபாதம் அவர்கள்…"

அடுத்த வரியில் 'பிறந்தநாள்' இருக்கத்தான் செய்தது. ஆனால் மரண அறிவித்தல் எல்லாம் தொடங்கும் அந்த முதல் வரியைக் கண்டபின் எங்களூரில் மிச்சத்தை யார் வாசிக்கிறார்கள்? வெள்ளைச் சீலை தேடத் தொடங்கிவிடுவார்கள்.

பத்து மணிக்கு வசந்தி அக்கா தொலைபேசியில் பிடித்தார்.

"தம்பி, கனடாவிலையிருந்து அழுதழுது கோல் எடுக்கினம். உதென்ன செய்து வைச்சிருக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அக்கா, நிரலைப் பொதுவாக்கினனான்."

"சாவையுமோடா பொதுவாக்கினனீ?"

நீர்வேலிக்குப் பறந்தேன். மாமா வீட்டுப் படலையில் சனக்கூட்டம். வாழைத்தோட்டத்திலிருந்து மாமா மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். அவரைக் கண்ட பிறகும் அவருடைய தங்கச்சி ஒப்பாரியை நிறுத்தவில்லை. (தொடங்கினதை இடையில் விடக்கூடாதாம்!)

"ஆரடா உதை எழுதினது?"

"நான்தான் மாமா. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நிரல்…"

"எனக்கும் செத்தவனுக்கும் வித்தியாசம் தெரியாத உன்னைத்தானோ இவள் கட்டப்போறன் எண்டு நிக்கிறாள்?"

கதவுக்குப் பின்னால் மாலதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகையில்லை, சிரிப்பு.

"முதல்லை வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடு," என்றார் மாமா. "மற்றதைப் பிறகு கதைப்பம்."

அந்தப் 'பிறகு' வந்து மாலதியைக் கட்ட இரண்டு வருடம் பிடித்தது. நிரலை அன்றே இரண்டாகப் பிரித்துவிட்டேன். என் பெயரைத்தான் மீட்க முடியவில்லை. போன கிழமைகூட மாலதி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பாவுக்குக் காய்ச்சலாம். சுகமாகுமட்டும் நீங்கள் கொம்பியூட்டரைத் தொடாதேங்கோ."