கார்பன் நடத்திய ஊர்வலம்

இந்தியா விடும் புகை மொத்தத்துக்கும் ஒரே ஓர் ஆள் பொறுப்பேற்றிருந்தான் என்றால், அது திருப்பதியில் எங்கள் ஹாஸ்டல் மாடி அறையில் இருந்த கார்பன்தான். சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும். ஊரே பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். தெருவுக்குத் தெரு புது பைக். கார்பன் மட்டும் ஜன்னலில் உட்கார்ந்து, மலைமேல் மிதக்கும் மேகத்தைக் காதலியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பான்.

யாராவது சிகரெட் பற்றவைத்தால், "மச்சான், தேசத்தோட கணக்குல ஏறுது" என்பான். மெஸ்ஸில் இன்னொரு தோசை கேட்டால் அடுப்பை நினைத்துக் கண்கலங்குவான்.

"நீ கத்தினா நாடு பொகைய கொறச்சிக்குமாடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் கத்தினா கொறையாது. நாடே நடந்தா கொறையும்" என்றான், தூக்கத்தில் பேசுபவன்போல.

நகரியிலிருந்து அவன் நைனா வந்து இறங்கினார். விசைத்தறிக்காரர். மைத்துனரைப் பிடித்து மகனுக்கு அனல்மின் நிலையத்தில் வேலை பேசி முடித்திருந்தார்.

"கரிய எரிச்சாதான்டா என் தறிக்குக் கரண்டு. ஒயுங்கா போய்ச் சேரு."

"ஞாயித்துக்கெயம என் ஊர்வலத்த பாத்துட்டுச் சொல்லு நைனா."

"சரி. ஒரு பஸ் நெறையிற ஆளு உன் பின்னால வந்தா, அந்த வேல வாணாம்னு நானே சொல்றேன். வரலன்னா மூட்டயக் கட்டு."

மார்கழிப் பனி. ஊர்வலத்தில் கார்பன், நான், பால் வாங்க வந்து மாட்டிக்கொண்ட மெஸ் சமையல்காரர். ஓரமாக நைனா. கார்பன் பதாகையைத் தூக்கிப் பிடித்து, "வண்டி வாணாம்! நடந்து போவோம்!" என்று தமிழிலும் தெலுங்கிலும் கத்தினான்.

பின்னாலிருந்து இடிபோல பதில் வந்தது: "கோவிந்தா! கோவிந்தா!"

திரும்பினால் பனிக்குள் மஞ்சள் வேட்டிகளும் மஞ்சள் புடவைகளும். மலைக்கு நடக்கும் யாத்திரைக்காரர்கள், எங்களை முன்னால் போகும் பஜனைக் கோஷ்டி என்று நினைத்துச் சேர்ந்துகொண்டார்கள். குப்பம் ஊர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் பதாகைக்குக் கற்பூரம் காட்டினார். அந்தப் புகையையும் கார்பன் மன்னித்தான்.

"பஸ்ல போலாம்னுதான் வந்தேன்பா. நீ கூப்ட்ட, நடக்கறேன்" என்றார் அவர்.

மலைப்படி தொடங்கும் அலிபிரியில் கார்பன் உரையாற்றுவதாக ஏற்பாடு. கூட்டம் நிற்கவே இல்லை. அப்படியே படியேறியது. அவனும் ஏறினான், நானும், மூச்சிரைக்க நைனாவும். பாதி மலையில் நைனா உட்கார்ந்துவிட்டார்.

"பஸ் இன்னாடா, ரயிலே நெறையும் போலக்கீது" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கார்பன் தலைகுனிந்தான். "இது என் கூட்டமில்ல நைனா. சாமி கூட்டம். எனக்காவ நடக்கறது அந்த அம்மா ஒண்ணுதான். நான் தோத்துட்டேன். அந்த வேலைக்கே கெளம்பறேன்."

எனக்கு அவன் வாயைப் பொத்தவேண்டும்போல் இருந்தது.

"ஒருத்தி நடந்தா பஸ் நின்னுடுமாடா? காலியா இருந்தாலும் மேல போவும்" என்றார் நைனா.

"போவும். தெனம் காலியா போனா எத்தினி நாளைக்கு ஓட்டுவான்? சேல விக்கலன்னா நீ தறிய நிறுத்தறதில்லியா?"

நைனா துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தார்.

"உங்க மாமன்கிட்ட நான் இன்னாடா பதில் சொல்றது?" என்று முனகினார். பிறகு கையை நீட்டினார். "எயுப்பி வுடு."

தேசத்தின் புகை அன்று குறைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். மேகத்துக்குள் நைனாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போனான் கார்பன். கால் எனக்கு விண்விண்ணென்று வலித்தது. ஆனாலும், படிகள் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று இருந்தது.