பேசும் தலையணை

நகரத்தில் திடீரென்று தலையணைகளுக்கு மரியாதை கூடிவிட்டது. நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை காட்டினார். மடியில் வைத்தால் டிக்கெட் வேண்டாம், சீட்டில் வைத்தால் வேண்டும் என்று பேருந்து நடத்துனர் சட்டம் போட்டார். எல்லாத் தலையணைகளும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: தலையணை ஐயாவின் மாடி அறை.

ஐயா யாரிடமும் ஒரு கேள்வி கேட்கமாட்டார். தலையணையில் காதை வைப்பார். அதில் படுத்தவரை எந்த ஆவி பிடித்திருக்கிறது, அதற்கு என்ன வேண்டும், எல்லாவற்றையும் ஒப்பிப்பார். ஆவிகளுக்குக் காணிக்கை பிடிக்கும். மாத்திரை பிடிக்காது.

இந்த இரண்டாவது விஷயம்தான் மனநல டாக்டரம்மாவை உறுத்தியது. காலையில் கல்லூரியில் பாடம், மதியம் ஆராய்ச்சி, மாலையில் நோயாளிகள் என்று ஓடுகிறவர். அவரிடம் சிகிச்சைக்கு வந்து, காதில் கேட்ட குரல்கள் அடங்கி, அச்சகத்தில் வேலைக்கும் போன ஒரு பெண் மாத்திரையை நிறுத்தியிருந்தாள். குரல்கள் திரும்பிவிட்டன. நேற்று அவற்றின் பேச்சைக் கேட்டு மொட்டைமாடிச் சுவரில் ஏறி நின்றாள்.

"மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?"

"தலையணைதான் டாக்டர்," என்றாள் அவளுடைய அம்மா. தையல்காரி. "என் மாமியார் ஆவியாம். செத்தும் விடல பாருங்க."

"இது நோய், மருந்துல கட்டுப்படும்னு நான் சொன்னேனே."

"நீங்க யாரையும் குத்தம் சொல்லலையே."

உண்மைதான். டாக்டரின் ஆராய்ச்சிக் கட்டுரை எதிலும் மாமியார் இல்லை.

டாக்டர் வாதாடவில்லை. "புதுசா ஒரு தலையணை வாங்கி உங்க உறையைப் போட்டு நீங்க எடுத்துக்குங்க. பொண்ணோடதுக்குப் புது உறை போட்டு நான் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் பொண்ணு பக்கத்துல யாராவது இருக்கட்டும். மாத்தினதை மட்டும் சொல்லாதீங்க. நிஜமாவே பேசுதான்னு பாத்துடுவோம்."

ஐயாவின் காத்திருப்பு அறையில் டீ ஊற்றும் அம்மாள் உருகினாள். "அப்புறம் பொண்ணு எப்படி இருக்கு?" தையல்காரி மொட்டைமாடிவரை கொட்டித் தீர்த்தாள். டாக்டர், "என்னுது இப்பத்தான் கடையில வாங்கினது. யாரும் படுக்கல. சும்மா ஆசீர்வாதத்துக்கு," என்றார். அம்மாள் காலிக் கோப்பைகளோடு உள்ளே போனாள். கழுவத்தான்.

தையல்காரி நீட்டிய கடைத் தலையணையில் ஐயா காதை வைத்தார். கண் கலங்கியது. "புள்ளையைச் சுவத்து மேல ஏத்திட்டாளே கிழவி. இதுல முழுக்க அவ அழுகைதான் கேக்குது."

அடுத்து, அந்தப் பெண் வருடக்கணக்காகப் படுத்த தலையணை. ஐயா காதை வைத்துப் புன்னகைத்தார். "சுத்தம். ஒரு தலைகூடப் படல."

தையல்காரி முதல் தலையணையின் உறையை உருவினாள். கடையின் விலைச்சீட்டு தொங்கியது. மற்றதை ஐயாவின் மடியில் போட்டாள். "இது நான் தச்சது. எம்பொண்ணு விடிய விடிய அழுதது இதுல. இது உமக்குக் கேக்கலையா?"

"சந்தேகப்படுற ஆளு பக்கத்துல இருந்தா தலையணை வாயைத் திறக்காதும்மா."

"கடைத் தலையணை மட்டும் என் முன்னாடி எப்படிங்க அவ்வளவு பேசிச்சு?" என்றார் டாக்டர்.

ஐயா டீக்கார அம்மாளைப் பார்த்தார். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரையை இன்னிக்கே குடுக்கலாமா டாக்டர்?" என்றாள் தையல்காரி.

"வாங்க, உங்க வீட்டுக்குத்தான் போறோம். அவளைப் பாத்துட்டு நானே குடுக்கறேன்."

வாசலில் பாதிக் கூட்டம் கலைந்தது. மீதிப் பேர் நகரவில்லை. "அவங்களோடது பேசாம இருக்கலாம். என்னுது பேசும்," என்றார் காவலர்.

தலையணையைத் தலைக்குக் கீழே வைப்பார்கள். இவர்கள் தலைக்குப் பதிலாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.