தபாலில் பக்கம் புரட்டிய முசே

கோட்டுச்சேரி சாலையில் வடக்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பைக்குள் இரண்டு வேட்டி, ஓர் அலுமினியத் தட்டு. சட்டைப் பையில் எனக்கு வராத ஒரு கடிதம். பத்தரை மணி வெயில். பஸ் ஏறியிருக்கலாம்தான், ஆனால் அந்தத் தடத்தில் ஓடும் கண்டக்டர்கள் எல்லோருக்கும் நான்தான் மதியம் இலை போடுகிறவன்.

ஊர் சுற்றியவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். நாற்காலியை விட்டு எழாமல், கரண்டு இல்லாத நாளிலும், ஒற்றை விரலால் பிரான்சு தேசத்தைச் சுற்றி வந்தவர் ஒரே ஒருவர்தான். அவரிடமிருந்துதான் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மழைக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடங்களையும் சேர்த்துக்கொண்டால் நான் எம்.ஏ. செங்கல் சூளை, லாரி கிளீனர், பம்பாய் துறைமுகத்தில் மூட்டை, ஷிமோகாவில் பாக்கு உரிப்பு என்று சுற்றிவிட்டு, எண்பதுகளின் பிற்பாதியில் காரைக்கால் பஸ் நிலையத்தில் இறங்கினேன். பக்கத்திலேயே பிலோமினா அக்கா நடத்திய மெஸ். தண்ணீர் இறைப்பேன், இலை போடுவேன், பரிமாறுவேன். இரண்டு வேளைச் சாப்பாடு, படுக்க விறகுக் கொட்டகை. குறை சொல்ல முடியாது.

இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் டிரைவர்களும் கண்டக்டர்களும் கை கழுவிவிட்டு என்னைச் சுற்றி உட்காருவார்கள். நான் போன ஊர்க் கதைகளைச் சொல்வேன். கேட்டுக்கொண்டே அக்கா எனக்கென்று ஒதுக்கிவைத்த கொடுவா மீன் தலையைத் தட்டில் வைப்பாள். ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்போதுதான் முசே வந்து சேர்ந்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பிறகு அங்கேயே துலோன் என்ற துறைமுக ஊரில் காவல்காரராக இருந்து, பென்ஷனோடு திரும்பியவர். ஊர்க்காரர்கள் மரியாதையாக 'முசே' என்பார்கள். அந்த ஊரில் இப்படிப்பட்ட முசேக்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் இவர் கூடவே ஒரு பெட்டி கொண்டுவந்தார். சின்ன டி.வி. மாதிரி இருக்கும். முன்னால் ஒரு மூடி. அதைத் திறந்தால் டைப் அடிக்கிற மாதிரி எழுத்து விசைகள். பிரான்சில் வீட்டுக்கு வீடு தொலைபேசிக்காரர்கள் இரவல் கொடுத்தார்களாம். திருப்பிக் கொடுக்க மறந்து, கம்பளியில் சுற்றிக் கப்பலேற்றிவிட்டார்.

மெஸ் மாடி அறையில் குடியேறிய அன்றைக்கே தெருவே மேலே ஏறிவிட்டது.

"முசே, சிலோன் எடுக்குமா?"

"எடுக்காது."

"மெட்ராசு?"

"இது படம் காட்டுற பெட்டி இல்லப்பா. பக்கம் காட்டுற பெட்டி. எழுத்து மட்டுந்தான் வரும். தேதி, ரயில், மழை, யாரு எங்க குடியிருக்கா, எல்லாம் பக்கம் பக்கமா வரும்."

சுவிட்சைப் போட்டார். திரை கறுப்பாக இருந்தது. மேல் மூலையில் எஃப் என்று ஒரே ஓர் எழுத்து. வந்தவர்கள் ஒரு மணி நேரம் அந்த எஃப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அந்த நாட்டுத் தொலைபேசிக் கம்பி வேண்டுமாம். இங்கே கம்பியும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு அவர்மேல் அன்பு பொங்கியிருக்கும். ஆனால் மனிதர் கம்பி இல்லாமலே பெட்டியை ஓட்டினார். அதில் மூன்று விசைகள் முக்கியம். சுவித் என்றால் அடுத்த பக்கம். ரெத்தூர் என்றால் முந்தின பக்கம். சொம்மேர் என்றால் எல்லாவற்றுக்கும் முதல் பக்கம், அதாவது பட்டியல். ஐந்தாறு வருஷம் இந்த மூன்றையும் தட்டிய கை, தட்டாமல் இருக்க மறுத்துவிட்டது.

"என்ன வைக்கட்டும் முசே?" என்பாள் அக்கா.

"பட்டியல் போடுங்க மதாம்."

"சாம்பார், மீன் கொழம்பு, ரசம்."

"நம்பரோட."

"ஒண்ணு சாம்பாரு, ரெண்டு மீன் கொழம்பு, மூணு ரசம். போதுமா?"

"ரெண்டு."

இலையின் ஓரத்தில் விரலால் ஒரு தட்டு தட்டுவார். சாப்பிட்டதும் "சுவித்" என்பார், ரசம் ஊற்ற வேண்டும். ரசத்தில் கை வைத்த பிறகு "ரெத்தூர்" என்றால் மீன் குழம்புக்குத் திரும்பிப் போக வேண்டும். "சொம்மேர்" என்றுவிட்டால் தொலைந்தேன். மறுபடியும் சோற்றிலிருந்து ஆரம்பம்.

ஒருநாள் அக்காவோடும் கூடை தூக்கிய என்னோடும் காரைக்கால்மேட்டுக்கு மீன் வாங்கப் போனார். நல்ல வஞ்சிரக் கூறு ஒன்று ஏலத்தில் வேறு யாருக்கோ போய்விட்டது. இவர் நெஞ்சுக்கு நேரே காற்றில் விரலால் தட்டி, "ரெத்தூர்" என்றார்.

"போன கூறு திரும்புமாய்யா? கடலுக்குள்ள எறங்கி நீயே கூப்டுப் பாரு!" என்றாள் மீன்காரி. கரையே சிரித்தது. ஐந்து நிமிஷத்தில், கூறை எடுத்தவன் கூடையில் இடம் போதாமல் பாதியை அக்காவிடமே தள்ளிவிட்டுப் போனான். முசே யாரையும் ஜெயித்த மாதிரிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

அக்காவுக்கு ஒரு தம்பி உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போனவன். நாலு வருஷமாகக் கடிதம் இல்லை. கடைசிக் கடிதம் துலோனிலிருந்து வந்தது. இருக்கிறானா, இல்லையா என்பதே தெரியாது. மாதா கோயிலில் மெழுகுவத்தி கொளுத்தும்போதுகூட, உயிரோடு இருக்கிறவர்களுக்காகக் கொளுத்துவதா, போனவர்களுக்காகக் கொளுத்துவதா என்று தெரியாமல் இரண்டாகக் கொளுத்துவாள்.

ஒருநாள் கேட்டுவிட்டாள். "முசே, யாரு எங்க குடியிருக்கான்னு அந்தப் பெட்டி சொல்லும்னீங்களே. எந்தம்பி இருந்தா சொல்லுமா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "பேரு?"

"அந்தோணி சவரி மார்த்தேன்."

அவர் முகம் விழுந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய காலத்தில் அக்காவின் பாட்டன் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் மார்த்தேன். அந்த நாட்டில் மார்த்தேன் என்பது நம் ஊரில் முருகேசன் மாதிரி. அந்தோணி மார்த்தேன்களே மாவட்டத்துக்கு மாவட்டம் குவிந்து கிடப்பார்கள். மாவட்டங்களோ தொண்ணூற்றுச் சொச்சம்.

ஆனாலும் விடவில்லை. துலோனில் இருந்த பட்டாளத்துக் கூட்டாளி வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அவருக்குக் கடிதம் எழுதினார்: இந்தப் பெயரைத் தட்டு, இந்த மாவட்டத்தைத் தட்டு, வருகிற பக்கத்தை அப்படியே எழுதி அனுப்பு. கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அதன் மண்டையிலும் ஒரு தட்டு தட்டினார்.

இருபத்தைந்து நாளில் பதில் வந்தது. கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, திரையில் வந்த மாதிரியே ஒரு முழுப் பக்கம். எட்டு அந்தோணி மார்த்தேன்கள். சவரி இல்லை. கீழே 'தொடரும்' என்று இருந்ததாம். முசே ஒரு புதுத் தாள் எடுத்தார். நடுவில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: சுவித். ஒட்டினார், தபாலில் போட்டார்.

கண்டக்டர் ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டார். "ஏன் முசே, எல்லாப் பக்கத்தையும் ஒரே கவர்ல அனுப்புடான்னு எழுதக்கூடாதா?"

"ஒரு விசைக்கு ஒரு பக்கந்தாங்க வரும். பதில் வர்றதுக்குள்ள நாலு தட்டு தட்டினா பெட்டி கெறங்கிப் போயிரும்."

"பெட்டி அங்கல்ல இருக்கு?"

"எங்க இருந்தாலும் பெட்டி பெட்டிதானே."

அந்தக் கூட்டாளியும் அதே பட்டாளத்து ஆள். சொன்ன விசையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். ஆக, ஒரு பக்கம் புரள ஒரு மாதம். கண்டக்டர் விரல் விட்டுப் பார்த்து, "அக்கா, ஏழு வருசத்துல தம்பி கெடைச்சிருவாரு" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "நாலு வருசம் சும்மாதானே இருந்தேன். இப்ப தேடிக்கிட்டாவது இருக்கேன்ல" என்றாள்.

அதற்குப் பிறகு மெஸ்ஸில் என் கதையை யார் கேட்பார்கள்? தபால்காரர் வரும் நேரத்துக்கு எல்லாத் தலையும் வாசல் பக்கம். கொடுவாத் தலை முசேயின் இலைக்குப் போனது. பம்பாயை நான் காலால் அளந்திருக்கிறேன், கொப்புளத்துக்குக் கணக்கில்லை. ஆனால் கட்டம் போட்ட தாளில் எட்டு அந்தோணிகள் வந்தால் ஊரே எழுந்து நிற்கிறது.

முசேக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் வந்து, "தம்பி, நீங்க போன ஊரையெல்லாம் வரிசையா சொல்லுங்க" என்றார். சொன்னேன். மறுநாள் பார்த்தால், ஸ்பெஷல் எழுதும் கரும்பலகையில் பட்டியல் தொங்குகிறது:

1. பம்பாய்த் துறைமுகம்
2. ஷிமோகா பாக்கு
3. லாரி கவிழ்ந்தது
4. பாம்பு

"நாலு போடுய்யா" என்றார் ஒரு டிரைவர். "பாம்பு நேத்தே ஆச்சு, மூணு போடட்டும்" என்றார் இன்னொருவர். ஆரம்பித்தேன். மழை, வழுக்கு மண், டிரைவர் தூங்கிய விதம் என்று நான் விஸ்தரிக்கும்போது ஒருவன் இலையைத் தட்டி "சுவித்!" என்றான். மெஸ் முழுக்கத் தட்டியது. அந்த லாரிக்கு அடியில் நான் நாலு மணி நேரம் கிடந்தவன். அவர்கள் ஒரு தட்டில் தாண்டிப் போய்விட்டார்கள்.

முசே எனக்கு உபகாரம் செய்ததாக நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தார். நான் அவரை நிம்மதியாக வெறுக்கக்கூட முடியவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்த தபால்காரர் கவரை என் கையில் கொடுத்தார். ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட கவர். ஏழாவது பக்கம். உள்ளே அக்கா மீன் அலசிக்கொண்டிருந்தாள். மாடியில் முசே இருமினார். பக்கம் வராவிட்டால் இந்த ஆள் என்ன செய்வார் என்று பார்க்க ஆசைப்பட்டு, கவரைச் சட்டைப் பையில் செருகி, என் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பார்ப்பதற்கு நான் அங்கே இருக்க முடியாது என்பது கோட்டுச்சேரி சாலையில்தான் உறைத்தது.

கோட்டுச்சேரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கவரைப் பிரித்தேன். ஆங்கில எழுத்து எனக்கு லாரி நம்பர் பலகையில் கற்றது, கூட்டினால் வரும். விரல் வைத்துக்கொண்டே இறங்கினேன். அந்தோணி, அந்தோணி, அந்தோணி. ஆறாவது வரியில் எஸ், ஏ, வி, ஏ, ஆர், ஐ.

டீ ஆறிவிட்டது. துலோனில் தாளை எழுதியவருக்கு இது எட்டில் ஒரு பெயர். காரைக்காலில் யாருக்கும் தெரியாது. அக்காவின் தம்பி இருக்கிறான் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அதுவும் திருட்டுக் கடிதத்தில். கிழித்துப் போட்டால் யாரும் என்னைக் கேட்க முடியாது. ஆனால் முசே அடுத்த விசையைத் தட்டுவார். அடுத்த பக்கம் வரும். அதில் அவன் இருக்கமாட்டான். ஏழு வருஷம் அவன் இல்லாத பக்கமாகப் பார்த்து அக்கா தேடிக்கொண்டிருப்பாள்.

எழுந்து திரும்பி நடந்தேன். வழி நெடுக ஒரு யோசனை: 'பக்கத்தை நான்தான் படித்தேன், தம்பியை நான்தான் கண்டுபிடித்தேன்' என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? பொறாமை நடந்தெல்லாம் களைக்கிற சரக்கில்லை.

மெஸ் வாசலில் ஆள் கூடியிருந்தது. தபால்காரர் சாப்பிட வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கிறார். "வர்றான் பாரு!" என்று கண்டக்டர் சட்டைக் கையை மடித்தார். "யோவ், சோறு போட்ட எடத்துலயே கை வச்சிட்டியே, நீயெல்லாம் மனுசனா?"

"விடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாடியிலிருந்து பெட்டியைக் கீழே கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார் முசே. மூலையில் எஃப் எரிந்துகொண்டிருந்தது. அவர் விரல் ஒரு விசைமேல் இருந்தது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பன்னெண்டு மணியிலேருந்து ரெத்தூர் அமுக்கிக்கிட்டு இருக்கேன்" என்றார். "ஓடிட்டான், போலீசுக்குப் போவோங்கிறாங்க. வருவான்னேன்." பிறகு கண்டக்டரைப் பார்த்து, வாழ்க்கையிலேயே முதல்தடவையாகக் கொஞ்சம் கர்வத்தோடு, "பாத்தீங்களா? லைன் இருக்கு" என்றார்.

தாளை நீட்டி ஆறாவது வரியைக் காட்டினேன். முசே படித்தார். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இரண்டு தடவை படித்தார்.

அக்கா ஈரக் கையோடு நின்றாள். "பேரு அந்தப் பெட்டியில இருந்தா உசுரோட இருக்கான்னுதானே அர்த்தம்?"

"ஆமாங்க மதாம்."

"வீடு இருக்கு. போன் இருக்கு."

"இருக்கு."

"அப்ப எழுத முடியாம இல்ல. எழுதல. அவ்வளவுதான்."

முசேயின் விரல் விசைகள்மேல் போயிற்று, நின்றது. எதையும் தட்டவில்லை. அக்கா முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "சரி. இருக்கான்ல, போதும்" என்று அடுப்படிக்குத் திரும்பியவள், நடையில் நின்று என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அவனுக்கு ஒரு எல போடுங்க. சாப்பிட்டுட்டுப் போகட்டும். நாளையிலேருந்து இங்க வேணாம்."

நியாயம்தான். சாப்பிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் காரைக்கால்மேட்டுக்குப் போகும் வழியில் ஐஸ் கம்பெனியில் வேலை கேட்டுப் போய் நின்றேன். வேலை போனவனுக்கு அந்த ஊரில் வேறு போக்கிடமில்லை என்று முசேக்குத் தெரியும்போல, எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார்.

"ஆளுக்கு யாருங்க பொறுப்பு? ஊரு பேரு தெரியாத ஆளா இருக்காரே" என்றார் மேஸ்திரி.

"நான் பொறுப்பு. எங்கயாச்சும் போவாரு. பயப்படாதீங்க, வந்துருவாரு."

மேஸ்திரி என் கையில் சுத்தியலைக் கொடுத்தார். ஐஸ் உடைக்கும் வேலை. எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலையில் சேர்ந்திருக்கிறேன். எனக்காக ஒருவர் வாசலில் வந்து நின்றது அங்கே மட்டும்தான். பொறாமை இன்னும் போகவில்லை. ஒரு திருடனைப் பற்றி 'வந்துருவாரு' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை.