குஷன் எடுத்த குரூப் போட்டோ

எழுபதுகளில் பாலாநகர் தொழிற்சாலையில் எங்கள் எல்லாரையும் மகாராஜா ஆக்கிய ஒரே ஆள் குஷன்தான். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது அவர் வேலை. நிர்வாகம் கேட்டது முகம் மட்டும், நெஞ்சுக்கு நேரே டோக்கன் நம்பர் எழுதிய சிலேட்டு. அவரோ யார் வந்தாலும் சிவப்பு வெல்வெட் குஷன் போட்ட நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காரவைத்து, நாற்காலியின் நாலு காலும் தெரிய எடுப்பார்; அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். சிலேட்டில் நம்பருக்குப் பதில் முழுப்பெயர் இருக்கும். முகம் மிளகளவு. கேட்டில் காவலாளிகள் ஆளை விட்டுவிட்டு நாற்காலியைத்தான் அடையாளம் கண்டார்கள்.

நான் பர்சனல் செக்ஷன் குமாஸ்தா. புகாரெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஏன் இப்படி எடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஆல்பம் ஒன்றை எடுத்துப் போட்டார். நூறு வருஷத்துக்கு முந்தைய கண்டோன்மென்ட் படங்கள். ஒன்றில் துரை ஒருவர் தலைப்பாகையும் ஜரிகை அங்கியுமாக, ஹூக்கா பிடித்து, நவாப் வேஷத்தில் சாய்ந்திருந்தார். காலடியில் நாய். பக்கத்தில் வெறும் உடம்போடு ஒரு சமையல்காரர் நின்றார்.

"துரை பேர் எழுதியிருக்கு. நாய் பேர்கூட எழுதியிருக்கு. இவருக்கு மட்டும் 'மதராஸ் சமையல்காரன்'னு போட்டிருக்கான். கழுத்தைப் பாருப்பா, காலர் வரைக்கும் வெயில்ல கறுத்திருக்கு. தினம் சட்டை போடறவரைப் படத்துக்காகக் கழட்டச் சொல்லியிருக்கான்."

துரைகள் போயும் சிலேட்டு போகவில்லையே என்று அவருக்கு ஆத்திரம்.

மூன்றாவது மெமோ வந்தது. புது ஜெனரல் மேனேஜரோடு எடுக்கும் குரூப் போட்டோவில் குளறுபடி செய்தால் கேமராவை வாங்கிக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிடுவார்களாம். டைப் அடித்தவன் நான்தான். நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் குஷனை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"இந்த ஒரு தடவை அவங்க சொன்னபடி எடுத்துடுங்கண்ணா" என்று கெஞ்சினேன்.

"ஹவ், ஹவ்" என்று அந்த ஊர் உருதுவில் சரி சொல்லித் தலையாட்டினார்.

அன்று அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தொழிலாளர்கள் பின்னால் நின்றார்கள். கேண்டீன் யாதம்மாவும் பெருக்குகிறவர்களும் அதிகாரிகளின் காலடியில், தரையில். குஷன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். பத்து நிமிஷம் ஆகியும் பட்டனை அமுக்கவில்லை. பிறகு நேரே ஜெனரல் மேனேஜரிடம் நடந்தார்.

தெலுங்கில், ரொம்ப மரியாதையாகச் சொன்னார். வெளிச்சத்தில் கோளாறில்லை, கேமராவிலும் கோளாறில்லை, யாதம்மா அவருடைய காலடியில் உட்கார்ந்திருப்பதைத்தான் தன்னால் எடுக்க முடியவில்லை என்றார்.

ஜெனரல் மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மனுஷர் என்ன நினைத்தாரோ, எழுந்து வந்து யாதம்மா பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகளும் பேன்ட் தையல் தாங்க வேண்டுமே என்ற கவலையோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். பின்வரிசையும் உட்கார்ந்தது. கேமராக்காரரும் வரட்டும் என்றார் ஜெனரல் மேனேஜர்.

உட்கார்ந்தவர்கள் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி, "நான் உக்காந்ததும் அமுக்குப்பா" என்று ஒயர் முனையிலிருந்த பட்டனை என் கையில் கொடுத்துவிட்டு குஷன் ஓடினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் உட்காருவதற்குள் அமுக்கிவிட்டேன்.

மெமோ குப்பைக்குப் போனது, கேமரா அவரிடமே இருந்தது. படத்தில் அத்தனை முகமும் பளிச்சென்று விழுந்திருந்தது, குஷனுக்கு மட்டும் தலை இல்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை மனுஷர். விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் காலமாகிப் பல வருஷமாகிறது. அவர் இருக்கும் படம் என்னிடம் அது ஒன்றுதான். இன்னும் ஒரு நொடி நான் பொறுத்திருக்கலாம்.