மச்சானுக்காக நான் திறந்த உரையாடல்

வீட்டில் ஒரே ஒரு நேர்மையானவன் இருந்தால் போதும், அந்தக் குடும்பத்துக்கு வேறு எதிரி தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த இடத்தை நான் நிரப்பினேன்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் நான் தன்னார்வலன். சம்பளம் கிடையாது, கர்வம் மட்டும் உண்டு. (மனைவி இதை ‘வெட்டி ஆபீஸ்’ என்பாள்.) அவளுடைய அண்ணன் செல்வம், என் மச்சான், திருமுல்லைவாயிலில் சமையல்கூடம் வைத்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தார். மச்சான் கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

"மாப்ள, நம்ம ஊரப் பத்தி ஒரு பக்கம் கீதே, அதுல எவனோ நம்ம கேட்டரிங்க இழுத்து எய்திகீறான். பழைய சோத்த சூடு பண்ணிப் போடுறோமாம், துன்னவன்லாம் ஆஸ்பத்திரில கீறானாம். நீதான் அங்க பெரிய ஆளாச்சே, தூக்கிடு."

படித்தேன். பச்சைப் பொய். ஆதாரமில்லாத அவதூறை யாரும் உடனே நீக்கலாம், ஒரு பொத்தான் போதும். ஆனால் சொந்தக்காரன் கை வைப்பது முறையல்லவே? சக தொகுப்பாளர் ஒருவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அதுவும் என் நேர்மைக்குப் போதவில்லை. கட்டுரையைப் பற்றித் தொகுப்பாளர்கள் விவாதிக்கும், எல்லோரும் பார்க்கும் உரையாடல் பக்கத்தில், மச்சான் கம்பெனிப் பெயரைப் போட்டு, ‘கெட்டுப்போன சோறு போடுகிறதா?’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தேன். கீழே அந்தப் பொய்யை ஒரு வரி விடாமல் எடுத்துப் போட்டேன். ‘உரிமையாளர் என் மனைவியின் அண்ணன். எனவே இது உண்மையா பொய்யா என்று நான் சொல்ல இயலாது’ என்று முடித்தேன். அன்று மதியம் நிம்மதியாகத் தூங்கினேன்.

யாரோ ஒரு புண்ணியவான் கட்டுரையிலிருந்து அவதூறை நீக்கிவிட்டார். என் தலைப்பு மட்டும் நின்றது. கம்பெனிப் பெயரைத் தேடினால் முதலில் வந்து விழுந்தது அதுதான்.

தொழிற்சாலை மேலாளர் தன் போனை மச்சானிடம் நீட்டினாராம். "உங்க தங்கச்சி வீட்டுக்காரரே இல்லைன்னு சொல்ல மாட்டேங்கிறாரே?"

தலைப்பை அழித்துவிட்டு மேலாளரிடம் ஓடினேன். "சார், உரையாடல் பக்கம்ங்கிறது..." என்று ஆரம்பித்தேன். அவர் வாட்ச்மேனைப் பார்த்தார். ஆர்டர் போனது. இருந்தது அந்த ஒரு ஆர்டர்தான். கொஞ்ச நாளில் மச்சான் சமையல்கூடத்தையும் மூடிவிட்டார்.

மச்சான் திட்டியிருந்தால் தேவலை. "உடு மாப்ள, நீ வோணும்னா செஞ்ச?" என்றார். வெட்கத்தில் செத்துவிட்டேன்.

அப்புறம் ஆவடியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவர் மச்சான். வேறு யாரோ ஒருவருடைய கேட்டரிங் பெயர் போட்ட சட்டை.

"இன்னா மாப்ள, ஊத்தட்டா? இல்ல, ஊரக் கூட்டிக் கேட்டுக்கினு ஊத்தட்டா?"

பந்தியே சிரித்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் காபி கேட்டால்கூட இதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று மச்சானும் சிரித்தார். நான் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"யோவ், அங்க இன்னாய்யா பேச்சு?" என்று வரிசைக் கடைசியிலிருந்து யாரோ அதட்டினார்கள்.

"தோ வந்துட்டேன் சார்" என்று மச்சான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.